பிறந்த வீட்டுப் பை

இன்று தேனி துணிக்கடையில்...

துண்டு வாங்கத்தான் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே ஒரு ரோஸ் கலர் பையைத் தூக்கி என் முன்னால் வைத்தாள்.

"ஹாஸ்பிடல் பேக் மேடம்! டெலிவரிக்குப் போறவுகளுக்கு ரெடிமேடா வந்திருக்கு. அம்மாவுக்கு, பிள்ளைக்கு, எல்லாமே உள்ள இருக்கு. வீட்ல யாருக்காச்சும் வேணுமா?"

துண்டும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. வெளியே வந்து ஆட்டோ பிடித்துவிட்டேன். (கிறுக்கு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்!)

எழுபதுகளின் கடைசி. எனக்குத் தலைப்பிரசவம்.

பிறந்தது பண்ணைப்புரம், வாக்கப்பட்டது அல்லிநகரம். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். பிறந்த வீடு என்றால் அப்பா ஒருவர்தான்.

பெண் துணை இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று மாமியார் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அதுவரை நல்ல மனுஷிதான்! ஆனால் பை விஷயத்தில் மட்டும் கறார்.

"மொதப் பிரசவத்துக்குப் பை பொறந்த வீட்டுல இருந்துதேன் வரணும். நாங்க கட்டுனா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாக?"

அப்பா பஸ் ஏறி வந்தார். தக்காளிக் கூடை கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புவதில் கெட்டிக்காரர், ஒரு பழம் நசுங்காது. ஆனால் இந்தப் பையை எப்படிக் கட்டுவது என்று அவருக்கு யார் சொல்வது?

"என்னென்ன வேணும் ஆத்தா? சொல்லு, வாங்கியாந்துர்றேன்."

நான் என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேண்டியது பழைய துணி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலை, நைந்த வேட்டி. உதிரப்போக்குக்கு ஒரு குவியல், பிள்ளையைச் சுற்ற ஒரு குவியல். இதை அம்மாவிடம் சொல்லலாம். அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? (வயசுக்கு வந்த பிறகு என் துணியை அவர் கண்ணில் படும்படி காயப்போட்டதுகூட இல்லை.)

மாமியாரும் சம்பந்தக்காரரிடம் அதைச் சொல்வாரா? கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"நீங்களாப் பாத்து வாங்கியாங்கப்பா" என்றேன்.

அவர் அக்கம்பக்கத்திலும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் போய் மகளின் பிரசவத்தைப் பேசுவதா? கூசிப்போயிருப்பார். அம்மாவின் சேலைகளோ, அவள் போன கையோடு ஆளுக்கொன்றாகப் போய்விட்டன.

வந்தது பை. ஜிப் வைத்த புத்தம்புது ரெக்ஸின் பை! வலி வருமுன் திறக்கக் கூடாது என்று மாமியார் அதை அப்படியே பீரோ மேல் ஏற்றிவிட்டார்.

ஒரு மத்தியானம் வலி எடுத்தது. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கொச்சி போயிருந்தார். அப்பாவுக்கு ஆள் போனது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், கட்டியிருந்த வேட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறார்.

பிரசவ வார்டில் ஆயா பையைத் திறந்தார்.

நைலக்ஸ் சேலை. பவுடர் டப்பா. முகம் பார்க்கிற கண்ணாடி. பிஸ்கட் பொட்டலம். டார்ச் லைட் (கரண்ட் போனால் என்று நினைத்தாரோ!). லேஸ் வைத்த நைலான் சட்டை (ஒரு வயதுப் பிள்ளைக்குத்தான் சேரும்!). எல்லாம் புதுசு.

"ஏத்தா, பழைய துணி ஒண்ணுகூட இல்லையா? பவுடர் டப்பாவ வச்சு நான் என்ன செய்ய? இங்கன என்ன நிச்சயதார்த்தமா நடக்குது?"

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. வலியில் நானும் சிரித்தேன். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

மாமியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தாயில்லாப் புள்ளைன்னு தெரிஞ்சுதேன் எடுத்தோம். அது பையிலயுமா தெரியணும்?"

அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

ஆயா வராந்தாவுக்கு ஓடினார். "பொறந்த வீட்டு ஆளு யாருய்யா? பழைய துணி ஏதாச்சும் இருந்தாக் குடுங்க, சீக்கிரம்!"

அப்பா எழுந்தாராம். இடுப்பு வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தோள் துண்டைச் சுற்றிக்கொண்டு, பட்டாபட்டி டிராயர் தெரியச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாராம். சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

ஆயா அந்த வேட்டியை இரண்டாகக் கிழித்தார். பாதி எனக்கு, பாதி பிள்ளைக்கு.

ஆண் பிள்ளை. தலை நிறைய முடி.

அழவே இல்லை.

"தொப்புள்கொடி கழுத்துல சுத்தியிருக்கும்மா. உள்ளயே உசுரு போயிருச்சு. யாரும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பாதி வேட்டியில் சுற்றி, அப்பாதான் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் என் கட்டிலுக்குக் கீழே தரையில் வந்து உட்கார்ந்தார்.

"பழைய துணி வேணும்னு எனக்குத் தெரியாமப் போச்சே ஆத்தா. கையில வாங்குறப்ப சில்லுனு இருந்துச்சு. பொறந்த ஒடனே போத்தத் துணி இருந்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்."

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"அய்யோ, துணியால இல்லப்பா!"

"எனக்காகச் சொல்ற. வேணாம் ஆத்தா."

"இல்லப்பா, டாக்டரம்மா சொன்னாக. வயித்துக்குள்ள இருக்கையிலேயே தொப்புள்கொடி..."

பிறந்ததிலிருந்து அப்பாவிடம் நான் இப்படி ஒரு பேச்சு பேசியதில்லை.  ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அவர் எழுந்துவிட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன் ஆத்தா."

அதற்குப் பிறகு நான் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் அவருக்கு மாட்டைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் தோட்டத்துக்கு. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் "என் தப்புனாலதேன் பேரன் போனான்" என்றே சொல்லியிருக்கிறார். அதை நம்பியேதான் செத்தும் போனார்.

இதைப் படிக்கிற பெண்களே, உங்கள் அப்பாவிடம் இதெல்லாம் உங்களால் பேச முடிகிறதா? எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிறாரா?

எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.