கிணற்றில் 254 அங்குலத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம், எம்.ரெட்டியபட்டியில் என் சித்தப்பாவின் தோட்டத்தில் நடந்த சங்கதி இது. அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ், சாயங்காலம் பஸ், நடுவில் லேப் என்று பொழுது போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் கோடையில் கிணற்றின் அடியில் ஒரு குழியளவுதான் தண்ணீர் கிடக்கும். மோட்டார் போட்டால் சீக்கிரம் இறங்கிவிடும். ஊறியபிறகுதான் மறுபடி போட முடியும். தண்ணீர் வற்றியது தெரியாமல் மோட்டார் சும்மா ஓடினால் அதற்குள் சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகிப்போகும். அதனால் த்ரீ பேஸ் கரண்டு இருக்கும் நேரமெல்லாம் சித்தப்பா கிணற்றை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு அங்கேயே கிடப்பார்.

அந்த வருடம் சித்திக்கு மதுரையில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பாதான் கூடப் போயாக வேண்டும். தோட்டத்திலோ கத்தரிச்செடி பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. ஒருநாள் தண்ணீர் தப்பினாலும் தொங்கிப்போகும். சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்ததால் பாய்ச்ச ஆள் வேண்டாம். கரண்டு வந்தால் மோட்டார் தானாக ஓடவும் வசதி இருந்தது. நேரம் பார்த்து நிறுத்தத்தான் ஆள் வேண்டும். அதற்கு ஒரு பெட்டி செய்து தருகிறேன் என்று நான் வாயைக் கொடுத்தேன். கல்லூரிக்கும் ஒரு புராஜெக்ட் ஆயிற்று, சித்தப்பாவுக்கும் உதவியாயிற்று என்று எனக்கு ஒரே பெருமை.

பெட்டியின் வேலை லேசானதுதான். கிணற்றுத் தண்ணீரின் உயரத்தை ஒரு சென்சார் விட்டு விட்டு அளந்து சொல்லும். மோட்டாருக்கு ஆபத்து வராத ஒரு மட்டத்தை நான் குறித்து வைத்திருந்தேன். உயரத்திலிருந்து அந்த மட்டத்தைக் கழித்தால் இன்னும் எத்தனை அங்குலம் இறைக்கலாம் என்று வரும். அது பூஜ்யமானால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், கிணறு ஊறியதும் மறுபடி ஓட்ட வேண்டும். சிப்புக்குள் போகும் புரோகிராமை, சிப்பின் சொந்த மொழிக்கு ரொம்ப நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதினேன். லேபில் வாளித் தண்ணீரை வைத்துச் சோதித்தபோது பெட்டி சமர்த்தாக வேலை செய்தது.

தோட்டத்தில் மாட்டிய அன்று பக்கத்துத் தோட்டத்து மாமாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மோட்டார் ஓடியது. பெட்டியில் எண் ஏழு, நான்கு என்று இறங்கி ஒன்றுக்கு வந்தது. அடுத்த தடவை 254 என்று காட்டியது. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

மாமா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "எம்மாடி, உம் பெட்டி மட்டும் சொல்லலைன்னா உள்ள இருவதடித் தண்ணி கெடக்குறது நமக்குத் தெரியாமயே போயிருக்கும்" என்றார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "நான் மதுரையில இருக்கயில இப்பிடி ஓடுனா என்ன தாயி செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். நான் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து லேபே கதி. சென்சாரை மாற்றினேன். வயரையெல்லாம் பிடுங்கி மறுபடி பற்றவைத்தேன். வாளியில் வைத்தால் ஒழுங்காக நிற்கிறது. கிணற்றில் மட்டும் ஏன் நிற்கவில்லை என்று பிடிபடவில்லை. கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கி மாட்டிவிடு என்றாள் தோழி. வேறு மொழியில் எழுதிப் பாரேன் என்றார் எங்கள் சார். இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு வீம்பு. அந்த 254 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விட மாட்டேன், தெரியாத பெட்டியைச் சித்தப்பாவின் மோட்டாரில் மாட்டவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் நாள் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் சித்தப்பா போன் செய்தார். லேப் வராந்தாவில் நின்று பேசினேன். டவுனுக்கு ஒரு சோலியாக வந்ததாகச் சொன்னார். நான் சாப்பிட்டேனா, வேலையாக இருக்கிறேனா என்று கேட்டார். லேபில்தான் இருக்கிறேன் என்றேன். "சரி தாயி, அப்ப வாரேன்" என்றார். நானும் சரி என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

வெகுநேரம் கழித்துத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தால், கேட்டுக்கு வெளியே வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சித்தப்பா நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே விட மாட்டேன் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டாராம். போன் மேல் போன் போட்டிருக்கிறார். அது பைக்குள் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது.

"வாரேன்னு சொன்னேனே தாயி" என்றார்.

"நீங்க போனை வைக்கிறீகன்னுல்ல நெனச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். பெட்டிக்காக நான் ரொம்ப மெனக்கெட வேண்டாமாம். ஆபரேஷனை வேறு நாளைக்குத் தள்ளிவைக்கக் கேட்கப் போகிறாராம். போனில் சொன்னால் மனசு சங்கடப்படுவேன் என்று நேரில் சொல்லத்தான் வந்திருக்கிறார். அப்போதே சித்தி அடுப்படியில் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்துகொண்டிருந்தாள். இன்னும் தள்ளிவைப்பதா? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தேன்.

அவர் அண்ணாந்து குடிக்கும்போது என் மண்டைக்குள் அந்த ஒரு வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது. வாரேன். எங்கள் ஊரில் கிளம்புகிறவர் யாரும் போறேன் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. வருகிறவரும் வாரேன்தான், போகிறவரும் வாரேன்தான். அவர் வருவதாகச் சொன்னார். நான் அதைப் போவதாக எடுத்துக்கொண்டேன். வார்த்தையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கேட்ட நான்தான் மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

பெட்டியும் அதைத்தானே செய்தது!

சிப்புக்குள் ஒரு எண்ணை வைக்கும் சின்ன இடத்துக்குப் பைட் என்று பேர். அதற்குள் பூஜ்யத்திலிருந்து 255 வரைதான் எழுத முடியும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பைக் மீட்டரைப் பின்னால் சுற்றிய மாதிரி 255, 254 என்று மேலிருந்து இறங்கும். மைனஸ் இரண்டுக்கும் 254க்கும் உள்ளே ஒரே எழுத்துதான். எதுவாகப் படிப்பது என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற மொழிகளில் இது இந்த வகை எண் என்று முதலிலேயே எழுதிவிடுவோம், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அசெம்பிளியில் இடத்தை ஒதுக்கலாம், அவ்வளவுதான். அதில் கிடப்பது என்ன வகை என்று சிப்புக்குத் தெரியாது. பைட், வேர்டு என்று அந்த இடத்தின் அளவுகளைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். அதன் அர்த்தம் கல்லூரி கேட்டில்தான் புரிந்தது.

வாளியில் நான் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டதால் எண் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்தில் வந்து நின்றது. கிணற்றிலோ மோட்டார் சட்டென்று இழுத்துவிடுகிறது. ஒன்று காட்டிய எண், அடுத்த தடவை பார்ப்பதற்குள் பூஜ்யத்தைத் தாண்டி மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே போய்விட்டது. மைனஸ் இரண்டு. அதை நான் 254 என்று படிக்க வைத்திருக்கிறேன்.

"நாளைத் தள்ளி வைக்காதீக சித்தப்பா. சாயங்காலம் பெட்டியோட தோட்டத்துக்கு வந்துருவேன்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

திருத்தம் அதிகமில்லை. பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கில் நாம் பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்குவோமே, அதுபோல் சிப்பும் கழிக்கும்போது போதாவிட்டால் கடன் வாங்கும். வாங்கியதற்கு அடையாளமாக ஒரு குறியும் வைக்கும். அந்தக் குறியை நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இப்போது பூஜ்யமானாலும் நிறுத்து, கடன் வாங்கியிருந்தாலும் நிறுத்து, அப்போது எண்ணை மைனஸ் போட்டுக் காட்டு என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் மோட்டாரைப் போட்டதும் சித்தப்பா மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தள்ளி வரச் சொன்னேன். தயங்கினார். "நீங்க அங்க நின்னா பெட்டிய நம்புனதா ஆகாது சித்தப்பா" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். எனக்கு மட்டும் உள்ளே பயமில்லையா? எண் ஆறானது, மூன்றானது. அதற்கப்புறம் எண்ணைப் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார்ச் சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தால் பெட்டியில் ஒரு சின்னக் கோடும் பக்கத்தில் 1 என்ற எண்ணும் தெரிந்தன. மைனஸ் ஒன்று. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சித்தியின் துணிமணியை எடுத்து வைக்க வீட்டுக்குப் போனார்.

ஆபரேஷன் அன்று எனக்குத் தேர்வு. எழுதி முடித்த கையோடு பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு ஓடினேன். கரண்டு இருந்தது. மோட்டார் சத்தமில்லாமல் கிடந்தது. கருகிய வாடை வருகிறதா என்று முகர்ந்து முகர்ந்து பார்த்தேன், இல்லை. செடியடியெல்லாம் ஈரம். கிணற்றில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சநேரத்தில் கிணறு ஊறி, மோட்டார் தானே மறுபடி ஓட ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்த நாள் சித்தப்பா போன் செய்தார். கட்டு அவிழ்த்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த காலண்டரில் கிழமையைச் சித்தி வாய்விட்டுப் படித்தாளாம். தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் பேசி முடித்து, "சரி தாயி, அப்ப வாரேன்" என்றார்.

"இருங்க சித்தப்பா. கெளம்பி வாரீகளா, போனை வைக்கிறீகளா?"

அந்தப் பக்கம் சித்தி சிரிப்பது கேட்டது. கிளம்பித்தான் வருகிறார்களாம்.

இப்போது ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுவதுதான் என் வேலை. ஒரு எண்ணைப் பெட்டிக்குள் போடும்போதெல்லாம் இதைப் படிக்கப் போகிறவர் என்னவென்று எடுத்துக்கொள்வார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன், வீட்டில் யாராவது வாரேன் என்றாலும் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.