முன்னே போய்விட்ட தண்ணீர் வண்டி

1991ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு வாலாஜாபாத்திலிருந்து திருத்தணிக்கு நடைப்பயணம் புறப்பட்டோம். எனக்கு நீரிழிவு உண்டு. வெயிலில் உடலின் நீர் வற்றினால் மயங்கிவிடுவேன். குழுத் தலைவரும் என் நெடுநாள் நண்பருமான வேலாயுதத்திடம் மட்டும் இதைச் சொன்னேன். தண்ணீர் வண்டி என் பின்னாலேயே வருமென்று வேலின்மீது கைவைத்து உறுதியளித்தார்.

சுங்குவார்சத்திரத்தை நெருங்கிய நண்பகலில் நா வறண்டது. திரும்பிப் பார்த்தேன், வண்டியைக் காணோம். அடுத்த ஊர் மடத்தில் இடம்பிடிக்க அதை வேலாயுதம் முன்னே அனுப்பியிருந்தார்.

“இன்னா வாத்தியாரே, முருகா முருகான்னு சொல்லிகினு நட. தாகம் இன்னா பண்ணிடும்?” என்றார். எல்லோரும் சிரித்தனர். அவர்கள் அறியாதவர்கள், அவர் அறிந்தவர்.

பின்தங்கி விழுந்தேன். கடலைக்கொல்லையில் களையெடுத்த பெண்கள் நிழலுக்குத் தூக்கிச் சென்று தலையில் நீரூற்றினர். “அண்ணே, உங்கூட வந்தவங்க எங்க?” என்றாள் ஒருத்தி. அவர்களே மருத்துவமனைக்கு அனுப்பினர்.

மறுவாரம் வேலாயுதம் திருநீற்றோடு வந்தார். “பாத்தியா, முருகன் உன்னைக் கைவுடல.”

“முருகன் கைவிடவில்லை” என்று சொல்லித் திருநீற்றை வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் ஆடிதோறும் நடக்கிறேன். தண்ணீரை என் தோளில் சுமக்கிறேன். வெயில் ஏறுமுன் நிழலில் தங்கிவிடுகிறேன். உடன்வருவோர் அனைவரிடமும் என் நோயைச் சொல்லிவிடுகிறேன். வேலாயுதத்தோடு நடப்பதில்லை.