இருபத்துமூன்றாவது நிமிடம்

கேதீஸ்வரியைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிடிவாதக்காரி என்பார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவள் என்பார்கள். அவளோடு ஆறு வருடம் சண்டை பிடித்தவள் நான், மக்டலின், பாலர் பாடசாலை டீச்சர். சண்டை பிடிக்கிறவளுக்குத்தான் ஒரு ஆளை முழுதாகத் தெரியும்.

எங்கள் ஊர் வாகரைக்குக் கிட்டே, கடலோடு ஒட்டியது. கேதீஸ்வரி தையல்காரி. அவளுடைய புருசன் விஜிதரன் தோணியில் போகிறவன், நல்ல உயரம், சிரிப்பதற்குக் காரணம் தேவைப்படாத ஆள். சுனாமி வந்த காலையில் அவள் கைக்குழந்தை யசோதினியோடு கடல் எட்டாத சித்தாண்டியில், தாய் வீட்டில் இருந்தாள். விஜிதரன் இங்கே இருந்தான். வீடும் போனது, தையல் மெசினும் போனது, அவனும் போனான். கலியாணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்றிலிருந்து அவள் நெற்றியில் பொட்டும் இல்லை.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. அந்த வருடம் வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில் சடங்கை அவளுடைய தம்பி வீடியோ எடுத்திருந்தான். அது சித்தாண்டியில் கிடந்ததால் தப்பியது. அதை ஒரு சீடியில் போட்டுத் தந்தான். ஐம்பது நிமிடம். பந்தல், பறைமேளம், பொங்கல் பானைகள், கதவு திறக்கிற நேரம் நெருக்கியடிக்கிற சனம். அந்தச் சனத்தில் பாதிப்பேரைக் கடல் கொண்டு போய்விட்டது. இருபத்துமூன்றாவது நிமிடத்தில் விஜிதரன் வருவான். வெள்ளை வேட்டி, இடுப்பில் சால்வை, கையில் எட்டு மாதக் குழந்தை. கமராவுக்கு நேரே வந்து நின்று, மச்சானிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போவான். பதினொரு வினாடி.

அதைக் காட்டுகிற மெசின் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு தறப்பாள் விரித்துக் கட்டிய அகதிக் கொட்டிலில் இருந்த பிள்ளைகளுக்குப் படம் காட்ட வெளிநாட்டு ஆட்கள் கொண்டுவந்த, சீடியையும் உள்ளேயே போட்டு ஓட்டுகிற புரொஜெக்டர் அது. யாரோ பணக்காரர் தன் வீட்டுக்குள் தியேட்டர் மாதிரிப் படம் பார்த்துச் சலித்துப்போய்க் கொடுத்ததாம். போகும்போது எங்கள் மாதர் சங்கத்திடம் விட்டுவிட்டுப் போனார்கள். அதைத் தொட்டுப் பார்க்கத் துணிந்த ஒரே ஆள் கேதீஸ்வரி.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் போர் மூண்டு, செல் குண்டுகள் விழ விழ ஊரே காட்டுவழியாக நடந்தபோது அவள் ஒரு இடுப்பில் பிள்ளையையும், தலையில் உரப்பையில் கட்டிய இந்த மெசினையும் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"அதப் போட்டிட்டு அரிசியத் தூக்கு புள்ள. படத்தையா காச்சிக் குடிக்கப்போறாய்?" என்றேன்.

"அரிசி எங்கயும் கிடைக்கும் டீச்சர்," என்றாள். அன்று எங்கேயும் கிடைக்கவில்லை. என் அரிசியில்தான் இரண்டு நாள் கஞ்சி குடித்தாள், வெட்கமில்லாமல்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று விளங்கியது. இரண்டாயிரத்து எட்டில் சடங்கு முடிந்த மறுநாள் பாலர் பாடசாலைச் சுவரில் அந்தப் படத்தைப் போட்டாள். ஊருக்குக் காட்டுவதற்கு முன் தனியே திரும்பத் திரும்ப ஓட்டி, மேசையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக்கொண்டே இருந்தாள். விஜிதரன் வந்ததும் சுவரோடு போய் நின்றாள். அவன் உயிரோடு இருந்தபோது அவளுடைய உச்சி அவன் தோளில் முட்டும். சுவரிலும் அப்படி முட்டுகிறவரை மேசையை நகர்த்தி, தையல் சுண்ணாம்பால் நிலத்தில் நான்கு காலுக்கும் அடையாளம் போட்டாள். பிறகு யசோதினியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். பிள்ளை அப்பாவின் வேட்டிக்கட்டு வரை வந்தாள். அடுத்த வருடம் தொப்புளுக்கு வந்தாள். அப்பாவில் நிழல் விழாமல் ஓரமாக நிற்க அந்தப் பிள்ளை தானாகவே பழகிக்கொண்டாள். வருடத்தில் பதினொரு வினாடிதான் அவளுக்கு அப்பா.

இரண்டாயிரத்துப் பத்து வைகாசிக்கு முன் மெசின் மக்கர் பண்ணியது. பன்னிரண்டு நிமிடம் ஓடும். பிறகு சிவப்பு லைட் மின்னும், சுவர் இருண்டுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் மறுபடி பன்னிரண்டு நிமிடம். சீடியை முன்னுக்கு ஓட்டலாம் என்றால் அது கீறல் விழுந்த சீடி, ஓட்டினால் அப்படியே உறைந்து நின்றுவிடும். முதலில் இருந்து போட்டால்தான் போகும். ஆகவே விஜிதரன் வரவேயில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருடம். முந்தி ஒரு டோர்ச் பற்றரி கொண்டுவரவே ஆமி நூறு கேள்வி கேட்ட பாதையில் இப்போது லொறி லொறியாகச் சாமான் வந்தது. எதையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்பதே எங்களுக்குப் புது ருசி. மட்டக்களப்பு ரவுனில் ஒரு கடைக்காரர் மெசினைத் திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார். சங்கத் தலைவி கண்ணகை அக்கா அதைக் கூட்டத்தில் அறிவித்தா.

"பல்பும் போச்சாம், உள்ளுக்கு சேர்க்கிட் போர்டும் போச்சாம். பழைய மொடல், சாமான் வராதாம். புதுப் புரொஜெக்டர் கொழும்புலதான், விலையக் கேட்டா காது அடைக்கிது. இத எடுத்துக்கிட்டு, மிச்சத்துக்குச் சங்கக் காசையும் வாங்கிக்கிட்டுப் பெரிய டீவி ஒண்டு தாறாராம். என்ன சொல்றீங்க?"

கேதீஸ்வரி எழும்பினாள். "டீவி எவ்வளவு பெரிசு அக்கா?"

கண்ணகை அக்கா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினா. இவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துப் போய் அந்த இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து அளந்தாள். சங்கமே சிரித்தது.

"காணாது, சின்னன்," என்றாள்.

"என்னத்துக்குக் காணாது?"

அவள் நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். புருசனுக்காக என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கேயே எல்லோரும் அழுது சரி என்றிருப்பார்கள். இரக்கம் கேட்டு வாங்குகிற ஆள் அவள் இல்லை. கை தூக்கச் சொன்னபோது டீவிக்கு அவளுடையதைத் தவிர எல்லாக் கையும் எழும்பியது, என்னுடையதும்தான். காரணம் தெரிந்திருந்தும் தூக்கினேன். பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை காட்ட டீவி வந்தால் எனக்கு வேலை லேசு என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்க," என்றாள் கேதீஸ்வரி. "அண்டைக்கு முழுப்படமும் ஓடாட்டி நானே கொண்டுபோய்க் குடுத்திட்டு டீவிய ஏத்தி வாறன்."

மூன்று நாள் இருந்தது. பாலர் பாடசாலைத் திறப்புச் சாவி என்னிடம்தான் என்பதால் அவள் செய்ததை எல்லாம் நான் பார்த்தேன். முதல் நாள் பிள்ளைகள் போனதும் ஜெனரேட்டரைப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நிமிடம். சுவரில் சுண்ணாம்பால் எழுதினாள். இரண்டாம் நாள் கடற்பக்க யன்னலைத் திறந்துவிட்டு அதன் கிட்டே மெசினை வைத்தாள். கடற்காற்று நேரே அடித்தது. படம் வெளுத்துப்போய்த் தெரிந்தது, ஆனால் பதினாறு நிமிடம் ஓடியது.

"பல்பு போனதெண்டா காத்துக்கு ஏன் கூட ஓடுது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும், வழக்கம்போல எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. அது புதிதல்ல. படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் கோயில் மணம் வரும். சடங்குப் படத்தைப் பார்க்க அம்மனே வந்துவிடுகிறா என்று கண்ணகை அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்வா. ஊர் முழுக்க அதில் பெருமை. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்குள்ளேயே சிரித்துக்கொள்வேன்.

"டீச்சர், மணக்குதா?"

"ஓம். உங்கட அம்மன் வந்திட்டா," என்றேன்.

அவள் குனிந்து மெசினின் முகத்தோடு மூக்கை வைத்தாள். நிமிர்ந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது.

"அம்மன் இல்ல டீச்சர். இது நான்."

என்ன நடந்தது என்றால், எங்கள் ஊரில் தோணி என்றாலும் மோட்டார் சைக்கிள் என்றாலும் வேலை தொடங்க முன் திருநீறு பூசிச் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடமாட்டார்கள். இந்த மெசினின் முன்பக்கத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், குறுக்காக மூன்று கோடு மாதிரி இடைவெளி இருக்கும். பார்த்தால் திருநீற்றுக் குறிக்கென்றே செய்த நெற்றி. ஐந்து வருடமாக ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கேதீஸ்வரி குளித்துவிட்டு வந்து அந்த மூன்று கோட்டிலும் நீரில் குழைத்த திருநீறு பூசி, நடுவில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சாம்பிராணியும் காட்டினாள். தன் நெற்றிக்கு வைக்காததை எல்லாம் அதற்கு வைத்தாள். அந்த மூன்று கோடும் மெசின் மூச்சு எடுக்கிற வழி.

அவள் தையல் மெசினின் திருப்புளியைக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினாள். கோடுகளுக்குப் பின்னால் இருந்த பஞ்சுத் தட்டு கல்லாகியிருந்தது. மேலே சந்தனம், கீழே சாம்பல், நடுவே சாம்பிராணிப் புகையின் பிசின், மெழுகிய நிலம் மாதிரிப் படை படையாக. காற்றாடியின் இதழ்களிலும் திருநீறு அப்பிக்கிடந்தது. மூச்சடைத்துச் சூடேறும்போதெல்லாம் அந்த மெசின் செத்துப்போகாமல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு பிழைத்திருக்கிறது.

"நானே கழுத்தப் பிடிச்சு நசிச்சிருக்கன்," என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் கண்டது அதற்கு முன் சுனாமிக்கு முந்திய காலத்தில்தான்.

தையல் மெசின் துடைக்கிற தூரிகை, பழைய பல்லுத் தூரிகை, ஊசிமுனை. பொழுதுபடும்வரை சுரண்டினாள். பஞ்சை வெதுவெதுத்த தண்ணீரில் ஏழு முறை அலசி நிழலில் காயப்போட்டாள். மேல்மூடியைத் துடைக்கும்போது ஒரு இடத்தில் கைநிறுத்தி என்னைப் பார்த்தாள். அங்கே துளித்துளியாகத் தண்ணீர் காய்ந்த கறை இருந்தது.

"இது சந்தனம் இல்லையே டீச்சர்."

போன மாதம் யாருக்கும் தெரியாமல் நான் மாதா கோயில் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். யாரைப் பார்த்துச் சிரிக்கப்போனேன், என் முதுகு எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சங்கம் முழுவதும் வந்தது. யன்னல்களைத் தறப்பாளால் மூடினோம். மேசைக்கால்களைச் சுண்ணாம்பு அடையாளத்தில் சரியாக வைத்தாள். அவள் திருநீறு பூசாமல் சுவிட்சைப் போட்டதைக் கண்டு கண்ணகை அக்காவின் முகம் கோணியது.

பந்தல் வந்தது, பறைமேளம் வந்தது. யாரும் படம் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த லைட் சிவப்பாகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாவது நிமிடம் தாண்டியது. நான் செபமாலையைப் பிடித்திருந்தேன். பதினாறு தாண்டியது. அறைக்குள் மெசின் சூடு தவிர வேறு மணமே இல்லை. இருபதில் ஜெனரேட்டர் ஒருதரம் விக்கியது, படம் நடுங்கியது. கேதீஸ்வரி அசையவில்லை, அளவு நாடாவைக் கையில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப்போயிருந்தது.

இருபத்துமூன்றாவது நிமிடத்தில் விஜிதரன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தன் முழு உயரத்தில் வந்தான். யசோதினி ஓடிப்போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, உள்ளங்கையைத் தன் உச்சியில் தட்டையாக வைத்தாள். பிறகு அந்தக் கையை அசைக்காமல் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நெஞ்சுக்குழிக்கு வந்திட்டன்."

அவன் சிரித்தான், போனான். சங்கம் முழுக்கக் கை தட்டியது. ஐம்பது நிமிடமும் ஓடி, படம் முடிந்த பிறகும் காற்றாடி சீராகச் சுழன்றுகொண்டிருந்தது. டீவிக்குத் தூக்கிய எல்லாக் கையும் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. தீர்மானத்தை வெட்டிவிட யாரிடமும் கேட்காமலே கூட்டப் புத்தகத்தை எடுத்தேன்.

கண்ணகை அக்காவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவ சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையில் மாட்டியிருந்த அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்து, விரலில் சந்தனம் வழித்தபடி நேரே மெசினிடம் போனா. கேதீஸ்வரி குறுக்கே போய் அவவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதுக்கு வைக்காதீங்க அக்கா. அதுக்குத்தான் மூச்சடைச்சது."

"மறுகா ஆருக்குப் புள்ள வைக்கிற?"

கேதீஸ்வரி பிடியை விடவில்லை. முகத்தை நிமிர்த்தினாள்.

"எனக்கு வைங்க."

 புருசன் இல்லாதவளுக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை, அந்த வழக்கத்தைக் காவல் காக்கிறதே கண்ணகை அக்காதான். அவ சுவரைப் பார்த்தா, யசோதினியைப் பார்த்தா. பிறகு கேதீஸ்வரியின் நாடியைப் பிடித்து முகத்தை அசையாமல் நிறுத்தி, புருவத்துக்கு நடுவே கோணாமல் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தா.