சட்டம் தெரிந்த தச்சர்

ஊரைவிட்டுக் கிளம்பும்போது தச்சருடைய மூத்த மகளுக்கு நான்கு வயது. இளையவள் வயிற்றில் இருந்தாள். "ஆறே மாசம், உங்களக் கூட்டிக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவருக்கு, ஆறு வருஷமாகியும் ஆசை தீரப் பிள்ளைகளைத் தூக்கக் கொடுத்து வைக்கவில்லை. இளையவளை அவர் போன் திரையில்தான் பார்த்திருந்தார்.

கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை. சொந்த ஊரில் இருபது வருஷம் உளி பிடித்த கை அது. இந்த வெளிநாட்டில் கொடுத்த வேலை அட்டையில் 'உதவியாள்' என்றுதான் எழுதியிருந்தது. "எழுதுறவன் எழுதட்டும், மரத்துக்குத் தெரியும் நான் யாருன்னு" என்பார். பட்டறையில் அவரோடு தமிழ் பேச ஓர் ஆள், பெயின்டர். அவர்தான் தச்சருக்கு 'அங்குலம்' என்று பெயர் வைத்தவர். டீ வாங்கிவரச் சொன்னால்கூட, "மேல ஓர் அங்குலம் விட்டு ஊத்தச் சொல்லு" என்பாராம் தச்சர்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள ஒருவழியாக மனுப் போட அனுமதி கிடைத்தது. அதிலும் ஒரு நிபந்தனை. பிள்ளைகளுக்குத் தனிப் படுக்கையறை வேண்டும். தச்சர் குடியிருந்ததோ மாடியில் ஒரே நீள அறை. பார்க்க வந்த அதிகாரி வாசலில் நின்றபடியே உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஒரு அறை. உங்களுக்கு ரெண்டு வேணும்."

"ரெண்டாக்கிட்டாப் போச்சு" என்றார் தச்சர்.

கீழே இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் போய்ச் சம்மதம் வாங்கினார். பதிலுக்கு, மூடவே மூடாத அவர்களுடைய அலமாரிக் கதவு மூன்றையும் இழைத்து மாட்டிக் கொடுத்தார். பிறகு விடுமுறை நாட்களில் அறையின் ஒரு மூலையை மறைத்து, நாலு அங்குலக் கனத்தில் மரத்தடுப்பு எழுப்பி, அதில் ஒரு கதவும் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அதிகாரி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "ஜன்னல் இல்லையே. வெளிச்சம் வராத இடத்தை அறைன்னு எழுத முடியாது."

வெளியே பார்த்த ஜன்னல் மொத்த அறைக்கும் ஒன்றே ஒன்று. இரட்டைக் கதவு ஜன்னல், நடுவில் ஒரு மரக்கால். தச்சர் அதையே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஞாயிறு தடுப்பைப் பிரித்துக் கொண்டுபோய், சரியாக அந்த நடுக்கால் மேல் சேரும்படி நிறுத்தினார். ஜன்னலில் பாதி இந்தப் பக்கம், பாதி பிள்ளைகள் பக்கம்.

மூன்றாவது தடவை அதிகாரி நாடாவை எடுத்தார். சுவரிலிருந்து தடுப்பு வரை அளந்தார்.

"ஆறடி பதினோரு அங்குலம். விதிப்படி ஏழு அடி வேணும். அடுத்த வருஷம் புதுசா மனுப் போடுங்க."

அதுவரை பொறுமையாக இருந்த மனிதருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அந்த ஊர் மொழியை அவர் கற்றது பட்டறையில். அதனால் அவர் பேச்சில் மரியாதைச் சொற்கள் குறைவு, அளவுகள் அதிகம்.

"மொதல்ல அறை இல்லைன்னீங்க. அப்புறம் ஜன்னல் இல்லைன்னீங்க. இப்ப ஓர் அங்குலம். வேற என்ன குறைன்னு இன்னிக்கே எல்லாத்தையும் பாருங்க. பார்த்துட்டு எழுதிக் குடுங்க."

"அப்படி எழுதித் தர்ற வழக்கம் இல்லை."

"தரமாட்டேன்னு எழுதிக் குடுங்க."

அதிகாரி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை தச்சர் பட்டறைக்குப் போகவில்லை. அலுவலகம் திறந்ததும் அதிகாரியின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தார். எழுதிக் கொடுத்தாலொழிய எழுந்திருப்பதாக இல்லை. மதியம் பெயின்டர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணே, ஆபீசரப் பகைச்சுக்காதீங்க. கையக் காலப் பிடிச்சாவது காரியத்த முடிப்போம். சட்டம் அவங்க கையில இருக்கு."

"அவர் சட்டம் காகிதத்துல. நம்ம சட்டம் மரத்துல. எது கோணல்னு அளந்து பார்த்துருவோம். நீ போய் வேலையப் பாரு."

அன்று அலுவலகம் மூடும்வரையும், மறுநாள் முழுக்கவும் அவர் அசையவில்லை. வந்து போகிறவர்கள் எல்லாம் விசாரிக்க, அவரும் சளைக்காமல் ஓர் அங்குலக் கதையைச் சொல்ல, மூன்றாம் நாள் பெரிய அதிகாரியே அறையைவிட்டு வெளியே வந்துவிட்டார். அரை மணி நேரத்தில் தாள் கைக்கு வந்தது. 'அகலத்தில் ஓர் அங்குலம் குறைவு. வேறு குறை இல்லை. சரிசெய்ய முப்பது நாள் அவகாசம்.' கீழே கையெழுத்து, முத்திரை.

தடுப்பை அந்தப் பக்கம் நகர்த்தினால் ஜன்னல் கண்ணாடியில் இடிக்கும். ஆகவே தச்சர் அதன் கனத்தில் கைவைத்தார். இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து பட்டறைக்கு வந்திருந்த பழைய கதவுகளைக் கேட்டு வாங்கி, இரண்டு அங்குலக் கனத்துக்கு இழைத்து, ஒரு பலகையை இன்னொன்று கவ்வும்படி சேர்த்து, தரையிலிருந்து கூரை வரை நிறுத்தினார். தடுப்பில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் மிச்சமாயிற்று.

அதிகாரி இரண்டு முறை அளந்தார். இரண்டு முறையும் ஏழு அடி.

"இவ்வளவு மெல்லிசா இருக்கே, நிக்குமா?"

"தோள் கொடுத்துத் தள்ளிப் பாருங்க."

அதிகாரி விளையாட்டாகத் தள்ளினார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே தள்ளினார். கடைசியில் சட்டையைத் தட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அன்றே தச்சர் மனைவிக்கு போன் போட்டுச் சொன்னார். "அந்த ஆபீசருக்கு ஒரு நன்றி சொன்னீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"எம்பொண்டாட்டி பிள்ளைங்க எங்கூட இருக்கறதுக்கு நான் யாருக்கு நன்றி சொல்லணும்?"

"அதுவும் சரிதான்" என்றவள் மூக்கை உறிஞ்சினாள். "சொல்லாதீங்க."

இரண்டு மாதத்தில் மூவரும் வந்திறங்கினார்கள். மூத்தவள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இளையவள் அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து, போனில் பார்த்த முகம்தானா என்று சோதிப்பதுபோல் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் அறை எது என்று கேட்டாள், உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். தச்சர் பின்னாலேயே போய்க் கதவைத் திறந்தார்.

"தட்டாம வரக் கூடாது" என்றாள் அவள்.

"நல்லா வந்து சேர்ந்தா உங்க மக" என்று மனைவி சிரித்தாள். தச்சர் வெளியே வந்தார், கதவைச் சாத்தினார், விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளிருந்து பதில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அங்கேயே நின்றார்.