பூஜ்யம் மில்லிமீட்டர்

டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் அவர் உடனே குடிப்பதில்லை. மேசைமேல் வைக்கிறார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, நீர்மட்டத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். அப்புறம்தான் எடுத்துக் குடிக்கிறார். அறுபத்தெட்டு வயது முழங்கால் சொடக்குப் போடும். அவர் அதைக் காதில் வாங்குவதில்லை.

முப்பத்திரண்டு வருடம் மழை அளந்தவர். வானிலை நிலையம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஓர் அறை, இரண்டு நாற்காலி, வெளியே கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி, அவர், ஓர் உதவியாளர். காலை எட்டரைக்கு மானியில் சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தூறல், சாரல், கொட்டு கொட்டென்று கொட்டியது என்ற பேச்செல்லாம் அவரிடம் செல்லாது. "நேத்து நல்ல மழைங்க" என்று யாராவது சொன்னால், "பதினொண்ணு புள்ளி நாலு" என்பார். தெருவில் அவருக்கு மில்லிமீட்டர் என்றுதான் பெயர். கோபம் வந்தால் வீட்டிலும் அதே பெயர்தான்.

வீட்டில் கோபம் வருவது பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காக. கல்யாணத்தன்று காலை மழை பெய்தது என்பது மனைவியின் கட்சி. பெய்யவில்லை என்பது இவர் கட்சி. நிலையத்துக்கு அடுத்த தெரு மண்டபத்துக்குள் மணமேடையில் இருந்த இவருக்கு வெளியே நடந்தது தெரிய நியாயமில்லை. ஆனால் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேரே 0.0 என்று இருக்கிறது.

"என் புடவை நனைஞ்சுதுங்க" என்பார் அந்த அம்மாள்.

"எத்தனை மில்லிமீட்டர்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அளவு சொல்லு. எழுதிக்கிறேன்."

நாற்பது வருடமாக வழக்கு இந்த இடத்திலேயே நிற்கிறது.

வேலையில் இருந்தவரை வருடத்துக்கு ஒரே ஒரு லீவுதான் போட்டார்: கல்யாண நாளும் அதற்கடுத்த மூன்று நாளும். மாமனார் ஊருக்குப் போய்வருவார்கள். அந்த ஊரில் அநேகமாக மழை பெய்துகொண்டிருக்கும். "இது இங்கத்த கணக்கு, நம்ம நிலையத்துல பெய்யாது" என்பார். திரும்பி வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். உதவியாளர் நான்கு நாளுக்கும் 0.0 எழுதி வைத்திருப்பார். அதைவிட ஆச்சரியம், ஐந்தாம் நாள் காலை இவர் போய்த் திறந்தால் மானியில் தண்ணீர் தளும்பும். முப்பத்தொரு வருடத்தில் இருபத்தாறு முறை இப்படி. மழை நான்கு நாள் ஓய்வெடுத்து ஐந்தாம் நாள் இறங்குகிறது என்பதை ஓர் இயற்கை விதியாகவே கண்டு, தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

அவர் ஓய்வுபெற்ற பின் நிலையத்தில் இயந்திரம் வைத்தார்கள். ஒன்பது வருடத்தில் அது இதே தேதிகளில் ஆறு முறை மழை காட்டிவிட்டது. "அதுல இலை விழுந்திருக்கும்" என்று தள்ளிவிட்டார்.

நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பாய்மரப் படகில் நான்கு நாளில் ஏழு தீவு என்று ஏற்பாடு செய்தவரும் அவரே. மனைவியின் தம்பியும் சேர்ந்துகொண்டார். படகுக்காரர் மட்டும் தயங்கினார்.

"இந்த நாலு நாள் வேணாம் சார். காத்து மாறுற நேரம். அடுத்த மாசம் வாங்க."

இவர் தடித்த நோட்டுப் புத்தகத்தை விரித்தார். பதிவேட்டைப் பார்த்துத் தன் கையால் எடுத்த நகல். வருடத்துக்கு ஒரு வரியாக முப்பத்தொரு வரி; முதல் நான்கு பத்தியில் நூற்று இருபத்துநான்கு பூஜ்யம், ஐந்தாம் பத்தியில் ஐந்தாம் நாளின் அளவு.

படகுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எழுதியே வச்சிருக்கீங்க. மேகமும் இதைப் படிச்சிருந்தா சரி."

"இந்த நாலு நாள்ல மழை வந்தா, கல்யாணத்தன்னிக்கும் பெஞ்சுதுன்னு ஒத்துக்கணும்" என்றார் மனைவி.

"ஒத்துக்கறேன்" என்றார் இவர், மழை வராது என்பதால்.

இரண்டாம் நாள் மதியம் இரண்டு பத்துக்கு, மூன்றாவது தீவுக்குப் போகும் வழியில், படகுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுப் பாயை இறக்கத் தொடங்கினார். இவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தீவு காணாமல் போயிருந்தது. ஆள் இறங்கவே வழியில்லாத ஒரு பாறைத்தீவின் மறைவில் படகைத் திணித்து இரண்டு நங்கூரம் போட்டபோது மணி மூன்றேகால். அப்புறம் கொட்டியதற்கு அவரிடம் சொல் இல்லை, அளக்கவும் வழியில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள பாத்திரம் வேண்டும். படகில் அப்படி இருந்தது ஒரே ஒரு பிஸ்கட் டின். அதை மைத்துனர் மடியில் வைத்து, முகத்தை அதற்குள் கவிழ்த்திருந்தார்.

"மச்சான், அந்த டின்னைக் கொஞ்சம்..."

"என்ன வேணா கேளுங்க அத்தான். இதை மட்டும் கேக்காதீங்க."

மனைவி உள்ளறை வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான். கார்லேர்ந்து மண்டபத்துக்கு இருபது அடி. அதுக்குள்ள தொப்பலா நனைஞ்சேன்."

"இன்னைக்குப் பெய்யுதுன்னா அன்னைக்கும் பெஞ்சுதுன்னு ஆயிடுமா? பதிவேட்டுல..."

"பதிவேட்டை யாருங்க எழுதினது? நீங்கதான் மணமேடையில இருந்தீங்களே."

"உதவியாளர். எட்டரைக்கு அளந்திருப்பார்."

"எட்டரைக்கா? அவரு ஏழு மணிக்கே வந்து முன்வரிசையில உக்காந்துட்டாரு. எங்கப்பாதான் அவருகிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சாரு. பதினோரு மணி வரைக்கும் மனுஷன் எந்திரிக்கல."

டின்னுக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஆமா அத்தான். நானும் பாத்தேன்."

அவர் நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் நான்கு பூஜ்யங்களைக் கடந்து ஐந்தாம் பத்தியில் போய் நின்றது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம். இவர் லீவில் இருந்த நாளெல்லாம் மானியை யாரும் திறக்கவில்லை. நான்கு நாள் சேர்ந்த தண்ணீரைத்தான் ஐந்தாம் நாள் இவர் குழாயில் ஊற்றி, ஒரே ராத்திரி மழையென்று சுத்தமாக அளந்து எழுதியிருக்கிறார். மூன்று பக்கக் கடிதம் வேறு.

முப்பத்தொன்றாம் வரிவரை பார்த்து முடித்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலையும் ஆறங்குல ஸ்கேலையும் எடுத்தார். முதல் வரிக்குத் திரும்பி, முதல் பூஜ்யத்தின் மேல் நேராக ஒரு கோடு கிழித்தார்.

"எவ்வளவு இருக்கும்?" என்றார்.

"மண்டப வாசல்ல யாரோ தண்ணி குடிச்சுட்டு டம்ளரை வெளியிலயே வச்சிட்டாங்க. அதுல நின்னுது."

"இத்தனை வருஷமா இதைச் சொல்லலையே?"

"நீங்க மில்லிமீட்டர்தானே கேட்டீங்க. டம்ளரைக் கேக்கலையே."

"வாய் விரிஞ்சதா, நேரானதா?"

"நேரானதுதான்."

அந்த அம்மாள் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, கொஞ்சம் யோசித்து, இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினார். அவர் ஒரு கையால் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினார். அது சொடக்குப் போட்டது. விரல்களுக்கு நடுவே ஸ்கேலை நிறுத்தி, அதற்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படகு ஆடி நிற்கட்டும் என்று காத்திருந்தார்.