முகம் பார்த்துப் பேச ஒரு போன்

என் கணவருக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. அவர் விலை கூறினால் நாலு கடை தள்ளி நிற்பவரும் திரும்பிப் பார்ப்பார். புற்றுநோய் வந்து அந்தக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு போயிற்று. கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய வெள்ளைத் துணி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, சொல்ல வேண்டியதையெல்லாம் தன் பெரிய டச் போனில் எழுதிக் காட்டினார். எழுத்தைத் தேடி, தப்பை அழித்து, மறுபடி தேடி அவர் தலை நிமிர்வதற்குள் நாங்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்போம். எழுதியதைக் காட்டாமலே அழித்துவிடுவார். கடையில் இன்னும் மோசம். பூவை அள்ளிய ஈரக் கைக்கு அந்தத் திரை மசியவே இல்லை. விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து ஒரு வரி முடிப்பதற்குள் வியாபாரி நகர்ந்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்குப் போவதை நிறுத்தினார். அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். இவர் அவனியாபுரம் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவியைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு விடுமுறைக்கு வந்தபோது ஒரு போன் கொண்டுவந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நடுவில் சதுரமாகத் திரை. அதன் இரண்டு பக்கமும் எழுத்துகள் பாதி பாதியாகப் பிரிந்து, மிளகைப் பதித்த மாதிரி பட்டன்கள். அப்படியொரு போனை நான் பார்த்ததே இல்லை.

“எதுக்குடி இந்தப் பொம்மை? அவரு கை அம்புட்டுப் பெருசு, இது இம்புட்டுண்டு இருக்கு” என்றேன்.

“பாக்காமயே தட்டலாம்மா. பழகிட்டா விரலுக்கே எழுத்து தெரியும்.”

பட்டன்களில் இருந்தது ஆங்கில எழுத்து. அதில் தட்டினால் திரையில் தமிழாக வந்தது. ஆனால் இவர் ‘அம்புட்டு’ என்று தட்டினால் போன் அதை ‘அம்பு’ என்று திருத்திவிடும். கோபத்தில் கட்டிலில் தூக்கிப் போட்டார். மகள் பொறுமையாக அந்தத் திருத்தும் வேலையை நிறுத்திக் கொடுத்தாள். அவள் ஊருக்குப் போன பிறகும் இவர் விடாமல் தட்டிப் பழகினார்.

ஒரு சாயங்காலம் நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியில் இருந்தது. பிறகு போனை என் பக்கம் திருப்பினார். ‘என்ன, மூஞ்சி வாடிக் கெடக்கு?’

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் திரையைப் பார்த்துத்தான் பேசியிருந்தார். என் முகம் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

“ஒண்ணுமில்லங்க, தலவலி” என்றேன். தலைவலியும் இருந்தது.

பிறகு மறுபடி கடைக்குப் போனார். விலையைத் தட்டி, கையை உயர்த்தி வியாபாரிக்குக் காட்டுவாராம். வீட்டிலும் சத்தம் திரும்பி வந்தது. அடுக்களையில் இருந்தாலே பட்டன் தட்டும் வேகத்தை வைத்து அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நிதானமாகத் தட்டினால் கடைக் கதை. படபடவென்று தட்டினால் என்னோடு சண்டை.

மகளைப் பெண் பார்க்க வாடிப்பட்டியிலிருந்து வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. பேச முடியாத மனிதரைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் காலையிலிருந்தே பதைப்பு. இவரோ பையனையே பார்த்தபடி மடியில் தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்ததும் போனைப் பையனின் அப்பாவிடம் நீட்டினார். அவர் அதைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார்.

“கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன். நீங்களே வாசிங்கம்மா” என்று என்னிடம் கொடுத்தார்.

முதல் வரியைப் பார்த்ததுமே இவரை முறைத்தேன். வேறு வழியில்லாமல் வாசித்தேன்: ‘எம் மகளுக்குக் கோவம் சாஸ்தி. என்கிட்டக் கத்துவா. நான் திருப்பிக் கத்த முடியாது. தம்பி கத்துவீகளா?’

“அப்பா!” என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள்.

பையனின் அம்மா சிரித்துவிட்டார். “எங்க வீட்ல இவருதான் மதினி கத்துவாரு. இவன் வாயே தொறக்க மாட்டான்.”

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “கத்த மாட்டேன் மாமா. கோவம் வந்தா வண்டிய எடுத்துட்டு வெளிய போயிருவேன்.”

அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இவர் மறுபடி தட்டினார். நான் வாசித்தேன். ‘எப்பத் திரும்பி வருவீக?’

பையன் யோசித்தான். அவன் யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது. “ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவேன் மாமா.”

இவர் சிரித்தார். சத்தம் இல்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

கல்யாணம் வாடிப்பட்டியில் நடந்தது. மருமகன் இப்போதும் அவ்வப்போது டீ குடிக்கப் போகிறார் என்று மகள் சொல்கிறாள். கேட்டு நானும் சிரிக்கிறேன்.

எங்களுக்குள்ளும் சண்டை குறையவில்லை. முன்பெல்லாம் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசுவோம். இப்போது நான் பேசி முடிக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு தட்டுகிறார். சில நாள் பாதி தட்டிவிட்டு, என்னவோ நினைத்து, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறார். என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.