கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து, எவர்சில்வர் தட்டைத் திரும்பத் திரும்பத் தரையில் போட்டுக்கொண்டிருந்தேன். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை... ஒரு பரிசோதனை!

எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் மிக்கேல். இரண்டரை வயது. ஒரு டப்பா மூடியைச் சுழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு டமாரென்று விழுந்தது. அவன் திரும்பவில்லை.

"பாத்தியளா அண்ணாச்சி? அப்படியே என் காது!" என்றார் அவன் அப்பா அந்தோணி. பத்து வருடப் பழக்கம் எங்களுக்கு. மனுஷருக்கு மெல்லப் பேசத் தெரியாது. சங்கு குளிக்கிறவர், ஆழத்தில் முங்கி முங்கி இரண்டு காதும் மந்தம். அந்தத் தெருவில் பல ஆண்களுக்கு அப்படித்தான். அதனால் ஒரு பிள்ளை கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், காதைத் தவிர வேறெதுவும் யாருக்கும் தோன்றுவதில்லை. முங்கிக் கெட்ட காது பிள்ளைக்கு எப்படி வரும்? அதை நானும் யோசிக்கவில்லை.

தோற்றுப்போய், பிள்ளைக்கு வாங்கிப்போன மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். காகிதம் லேசாகச் சரசரத்தது — மிக்கேல் எழுந்து ஓடி வந்தான்!

அந்தோணி வாயைப் பிளந்தார். நானும்தான்.

வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் நீட்டிக் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, பொட்டலத்தின் மேல் வைத்தான்... கரண்டியை எடுத்து வைப்பதுபோல.

"அவனுக்குக் காது கேக்கும் அண்ணாச்சி," என்றாள் அவன் அம்மா ரோஸ்லின். "நான் போன வருசமே சொன்னேம்லா? மழை பெஞ்சா கேக்கு, காயிதம் கசங்குனா கேக்கு. நான் கூப்புட்டா மட்டுந்தான் திரும்ப மாட்டுக்கான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

உண்மைதான், சொன்னாள். டாட்டா காட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான், 'அம்மா' என்றவன் அதையும் விட்டுவிட்டான் என்று என்னிடமே சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், கவலைப்படாதே!" பத்திரிகையில் எழுதுகிறவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாள், பாவம்.

திங்கட்கிழமை ட்ரங்க் கால் போட்டு, மதுரையில் ஒரு குழந்தை டாக்டரிடம் நேரம் கேட்டேன். புதன்கிழமை அவர்களோடு நானும் பஸ் ஏறினேன்.

டாக்டர் காதைப் பார்த்தது ஐந்து நிமிடம். பிறகு தரையில் மிக்கேல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கேள்வியெல்லாம் ரோஸ்லினிடம். பேர் சொன்னால் பார்க்கிறானா? காக்காயை, நிலாவை விரல் நீட்டி உனக்குக் காட்டுகிறானா? சிரிக்கும்போது நீ சிரிக்கிறாயா என்று திரும்பிப் பார்க்கிறானா? பேசிய வார்த்தை எப்போது நின்றது?

ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது — எந்த மாதம் என்பது உட்பட. இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் அவள் எப்படித் தூங்கினாளோ!

"ஆட்டிசம் மாதிரி தெரியுது," என்றார் டாக்டர். நான் கேள்விப்படாத வார்த்தை.

"நான் சரியா வளக்கலியா டாக்டர்?"

"வளர்ப்பால வர்றது இல்லம்மா இது. மாத்திரையில போறதும் இல்ல. தினம் அவன் முகத்துக்கு நேரா உட்கார்ந்து பேசுங்க, அவன் விளையாட்டையே கூடச் சேர்ந்து விளையாடுங்க. மாசம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, ஒவ்வொண்ணா சொல்லித் தர்றேன். சின்ன வயசுலயே ஆரம்பிச்சா நல்லது."

"அப்ப... போன வருசமே வந்திருந்தா?" என்றாள் ரோஸ்லின்.

"இப்ப வந்துட்டீங்கல்ல," என்றார் டாக்டர். நல்ல மனிதர். நான் மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி எந்தத் தாயாவது 'பிள்ளைகிட்ட என்னமோ சரியில்ல' என்று சொன்னால், 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 'என்ன பார்த்தே?' என்று கேளுங்கள்.

ஆறுதல் சொல்ல எனக்கு அரை நிமிடம்தான் ஆனது... அதில் மிக்கேலுக்கு ஒரு வருடம் போய்விட்டது.